திறந்த வன்பொருளும் கூட்டுறவுச் சங்கங்களும்
(படிப்பு வட்டப் பாடம்)

முன்னுரை

ஒரு சங்கம் எந்தக் காலத்தில் வாழ்கிறது என்பதை அதன் இருப்புப் பதிவேட்டைப் புரட்டினால் அறியலாம். ஒரு தலைமுறைக்கு முன் நெசவாளர் சங்கங்களின் பதிவேட்டில் தறி, ராட்டை, தராசு, படிக்கற்கள், இரும்புப் பெட்டி ஆகியவையே காணப்பட்டன. உழவர் சங்கங்களின் பதிவேட்டில் எண்ணெய் இயந்திரமும் மருந்து தெளிப்பானும் காணப்பட்டன. இன்று அதே பதிவேடுகளில் மின்னணுத் தராசு, கணினி, தறியின் மேல் ஏறியிருக்கும் மின்னணு ஜக்கார்டு, கைபேசியின் அழைப்புக்கு இயங்கும் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவி ஆகியவை இடம் பெறுகின்றன. சிதம்பரம், புவனகிரி, குறிஞ்சிப்பாடி, காட்டுமன்னார்கோயில் ஆகிய வட்டாரங்களின் அங்கத்தினர்கள் இவற்றுள் சிலவற்றையேனும் நேரில் கண்டிருப்பர்.

பழைய கருவிக்கும் புதிய கருவிக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. தராசின் முள் வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். ஊர்க் கொல்லர் நிமிர்த்தித் தருவார். தறியின் மிதி முறிந்தால் தச்சர் மாற்றித் தருவார். மின்னணுக் கருவியோ மூடிய பெட்டி. அது நின்றுபோனால் எதனால் நின்றது என்று உரியவருக்கும் தெரியாது, ஊர் மின்பணியாளருக்கும் தெரியாது. விற்றவரிடம் அனுப்புவது ஒன்றே வழி. விற்றவர் கடையை மூடியிருந்தாலோ, அந்த மாதிரியைச் செய்வதை நிறுத்தியிருந்தாலோ, பதிவேட்டில் அப்பொருளின் எதிரே ‘பயன்படாதவை’ என்று எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. தணிக்கைக்குச் செல்லும் இடங்களில் இச்சொல்லை நாம் வரவர மிகுதியாகக் காண்கிறோம். அவ்வாறு எழுதப்படும் ஒவ்வொரு வரியும் அங்கத்தினரின் பங்குத் தொகையிலிருந்து கழிகிறது என்பதை நினைவில் கொள்ளல் வேண்டும்.

இப்பெட்டியைத் திறந்து அறியும் உரிமை நமக்கு உண்டா? அவ்வுரிமையை வாங்கும்போதே கேட்டுப் பெற இயலுமா? பெற்றால் சங்கத்துக்கு உண்மையில் ஆதாயம் உண்டா? இம்மூன்று கேள்விகளே இப்பாடத்தின் பொருளாகும்.

1. பெட்டியின் உள்ளே இருப்பவை

எடுத்துக்காட்டாகப் பம்புசெட் கட்டுப்பாட்டுக் கருவியை எடுத்துக்கொள்வோம். இரவில் வரப்பின் மேல் நடந்து மோட்டார்க் கொட்டகைக்குச் செல்லும் உழவருக்குப் பாம்பும் ஈரமும் எவ்வளவு இடர் தருவன என்பதை விளக்கவேண்டுவதில்லை. வீட்டிலிருந்தே கைபேசியால் மோட்டாரை ஓட்டவும் நிறுத்தவும் இக்கருவி உதவுகிறது. தமிழ்நாட்டு வேளாண்மைப் பொறியியல் துறை இதனை வாங்க மானியமும் அளித்துள்ளது.

இதன் உள்ளே ஒரு மின்சுற்றுப் பலகை உண்டு. அதில் நான்கு பகுதிகளைக் காணலாம். முதலாவது, சிம் அட்டையைத் தாங்கி அழைப்பை ஏற்கும் தொலைத்தொடர்புப் பகுதி. இரண்டாவது, அழைப்பின் பொருளை உணர்ந்து முடிவு செய்யும் நுண்கட்டுப்படுத்தி என்னும் சில்லு. இதனுள்ளேதான் கருவியின் நிரல் எழுதப்பட்டிருக்கும். மூன்றாவது, சில்லின் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு ஸ்டார்ட்டரின் கன்டாக்டரை இயக்கும் ரிலே. நான்காவது, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை விட்டுப்போனாலும், கிணற்றில் நீர் வற்றிப்போனாலும் மோட்டாரை நிறுத்தும்படி சில்லுக்கு உணர்த்தும் உணரிகள். இவற்றுக்கெல்லாம் குறைந்த அழுத்த மின்சாரம் வழங்க ஒரு சிறு மின்வழங்கியும் உண்டு.

பழுது பெரும்பாலும் எங்கே நேர்கிறது? சில்லு கெடுவது அரிது. ரிலேயின் தொடுமுனைகள் தீப்பொறியால் அரிக்கப்படுவதும், மின்வழங்கியிலுள்ள கெப்பாசிட்டர் கொட்டகையின் வெப்பத்தில் உலர்ந்துபோவதும், மின்னழுத்தம் திடீரென உயரும்போது அதனைத் தான் ஏற்றுக் கருவியைக் காக்கும் வேரிஸ்டர் எரிந்துபோவதும் வழக்கமான பழுதுகள். கடலை அடுத்த கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற ஊர்களில் உப்புக்காற்று பலகையின் செப்புக் கோடுகளையும் அரிக்கும். இவற்றுள் பலவும் சிறு தொகைக்குக் கிடைக்கும் உறுப்புக்களை மாற்றுவதால் தீருபவை.

ஆயினும் எந்த உறுப்பு எந்த வேலையைச் செய்கிறது என்று காட்டும் வரைபடம் இல்லாவிடில், கைதேர்ந்தவரும் இருட்டில் ஊசி தேடுபவரே. சில கருவிகளில் பலகை முழுவதும் கருநிறப் பிசினால் மூடப்பட்டிருக்கும். ஈரத்தைத் தடுக்க இது பயன்படுவது உண்மையே. பழுது பார்ப்பதைத் தடுப்பதும் உண்மை. வேறு சிலவற்றில் சில்லின் மேலுள்ள எழுத்துக்கள் சுரண்டப்பட்டிருக்கும். நிரலைப் படியெடுக்க இயலாதவாறு பூட்டும் இடப்பட்டிருக்கும். இவ்வாறாக, எளிய உறுப்பின் பழுது முழுக் கருவியின் முடிவாகிவிடுகிறது.

மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. இக்கருவிகளில் பல, இரண்டாம் தலைமுறைத் தொலைத்தொடர்பை நம்பிச் செய்யப்பட்டவை. 2016இல் வணிகச் சேவை தொடங்கிய ஜியோ நிறுவனம் தொடக்கம் முதலே நான்காம் தலைமுறைச் சேவையை மட்டும் அளித்தது. ஓர் ஊரில் பழைய அலைவரிசை ஒருநாள் நிறுத்தப்படின், கருவி பழுதுறாமலே பயனற்றுப்போகும். தொலைத்தொடர்புப் பகுதியை மட்டும் கழற்றிப் புதியதைப் பொருத்தும் வகையில் வரைபடமும் நிரலும் கையில் இருந்தால் எஞ்சிய பகுதிகள் பிழைக்கும்.

2. திறந்த வன்பொருள் என்பது யாது?

ஒரு கருவியின் மின்சுற்று வரைபடம், பலகையின் அமைப்புப் படம், உறுப்புக்களின் பட்டியல், அதனை இயக்கும் நிரல் ஆகிய நான்கையும் எவரும் பெறும்படி வெளியிட்டு, அவற்றைக் கொண்டு கருவியைச் செய்யவும், திருத்தவும், விற்கவும் எவர்க்கும் உரிமை அளிப்பின் அதுவே திறந்த வன்பொருள் எனப்படும். கருவி இலவசம் என்பது இதன் பொருள் அன்று. உறுப்புக்கும் உழைப்புக்கும் விலை உண்டு. அறிவுக்கு மட்டும் பூட்டு இல்லை.

இவ்வுரிமை வாய்மொழியால் வருவதன்று. எழுத்து மூலமான உரிமத்தால் வருவது. ஐரோப்பிய அணு ஆராய்ச்சி நிலையமாகிய செர்ன், தன் ஆய்வுக் கருவிகளின் வரைபடங்களைப் பிறருடன் பகிர்வதற்கென 2011இல் திறந்த வன்பொருள் உரிமம் ஒன்றை வகுத்தது. 2020இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. இவ்வுரிமத்தின் ஒரு வகை, வரைபடத்தைப் பெற்றுத் திருத்தி வெளியிடுபவர் தம் திருத்தத்தையும் பிறர்க்கு அளிக்கவேண்டும் என்று விதிக்கிறது. பெற்றவன் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்னும் இவ்விதி கூட்டுறவாளருக்குப் புதியதன்று. 1844இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் கடை தொடங்கிய முன்னோடிகளுள் நெசவாளரும் இருந்தனர். கலப்படமற்ற பொருள், சரியான எடை, அங்கத்தினர் அறியும் கணக்கு என்பன அவர்கள் கொண்ட நெறிகள். கணக்கைத் திறந்து வைப்பது போலக் கருவியையும் திறந்து வைப்பதே இங்குக் கூறப்படுவது.

3. தறியிலிருந்து தொடங்கிய வரலாறு

இக்கருத்து நெசவாளரிடத்தில் தொடங்கியது என்றே கூறலாம். பிரான்சு நாட்டின் லியோன் நகரத்து ஜக்கார்டு, துளையிட்ட அட்டைகளின் கட்டளைப்படி பாவு நூல்களை உயர்த்தித் தாழ்த்தும் பொறியை 1804ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். 1806இல் பிரெஞ்சு அரசு அப்பொறியைப் பொதுச் சொத்து என அறிவித்தது. கண்டவருக்கு ஓய்வூதியமும், இயங்கும் ஒவ்வொரு பொறிக்கும் ஒரு சிறு தொகையும் அளிக்கப்பட்டன. கண்டவருக்குரிய பலனும் கிடைத்தது, கருவியும் பூட்டப்படவில்லை. பின்னர் அது விரைந்து பரவி உலகெங்கும் சென்றது. வேலை போகுமென்று அஞ்சிய லியோன் நெசவாளர் சிலர் அதனை எதிர்த்ததும் வரலாற்றில் உண்டு. அத்துளை அட்டைகளையே சார்லஸ் பாபேஜ் என்பார் தாம் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்குக் கட்டளையிடும் முறையாகக் கொண்டார். இன்றைய கணினியின் முன்னோர்களுள் ஒருவர் தறியில் அமர்ந்திருந்தவர் என்று நெசவாளர்கள் பெருமை கொள்ளலாம்.

நம் நாட்டிலும் இதனையொத்த முயற்சிகள் நடந்துள்ளன. 1984இல் மைய அரசு நிறுவிய சி-டாட் என்னும் தொலைத்தொடர்பு ஆய்வு நிலையம், குளிர்சாதனம் இல்லாமலும் கிராமத்து வெப்பத்தையும் புழுதியையும் தாங்கி இயங்கும் சிறிய தொலைபேசி நிலையத்தை வடிவமைத்தது. அவற்றுள் முதலாவது, 1986இல் கர்நாடக மாநிலம் கிட்டூரில் நிறுவப்பட்டது. அதன் வடிவமைப்பை ஒரே ஆலை வைத்துக்கொள்ளாமல் அரசுத் துறையிலும் தனியார் துறையிலும் பல ஆலைகளுக்கு உரிமம் அளித்துச் செய்வித்தனர். இது முழுமையான திறந்த வன்பொருள் அன்று. எனினும் வடிவமைப்பு ஒரு கையில் முடங்காதிருந்தால் பொருள் கிராமம் வரை செல்லும் என்பதற்கு இது சான்று.

2001இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் என்கோர் மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியை வெளியிட்டனர். அதன் வன்பொருள் வடிவமைப்பைப் பிறர் பெறும்படி தனி உரிமமும் வகுத்தனர். ஓர் ஊரார் பலர் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்வதற்காக, ஒவ்வொருவருக்கும் ஒரு சிற்றட்டையைத் தந்து அதில் அவரவர் விவரத்தைச் சேமிக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. கூட்டுறவு மனப்பான்மையுடன் பிறந்த கருவி என்றே இதனைச் சொல்லவேண்டும். ஆயினும் 2004இல் விற்பனைக்கு வந்தபின் அது எதிர்பார்த்த அளவு பரவவில்லை. வரைபடம் திறந்திருந்தது, மொத்தமாக வாங்குவோரும், ஊரில் பழுது நீக்குவோரும், நாள்தோறும் பயன்படுத்துவோரும் போதிய அளவில் சேரவில்லை. இப்பாடத்தை மறத்தல் கூடாது.

2005இல் இத்தாலி நாட்டின் இவ்ரியா நகரில் மாணவர்களுக்கென அர்டுயினோ என்னும் சிறு மின்சுற்றுப் பலகை உருவாயிற்று. அதன் வரைபடம் வெளியிடப்பட்டதால் உலகின் பல பகுதிகளிலும் அதனைப் பலர் செய்து குறைந்த விலைக்கு விற்றனர். அதன் யூனோ என்னும் வகையில் நிரலுக்குரிய இடம் 32 கிலோபைட்டு மட்டுமே; ஒரு மோட்டாரை ஓட்டி நிறுத்த அதுவே போதும். இங்கு ஒரு நுட்பத்தையும் அறிதல் வேண்டும். வரைபடத்தை எவரும் பயன்படுத்தலாம். அர்டுயினோ என்னும் பெயரை எவரும் இட்டுக்கொள்ள இயலாது. ஒரு கரையின் அமைப்பை எந்தத் தறியிலும் நெய்யலாம், ஆனால் நம் சங்கத்தின் முத்திரையைப் பிறர் குத்தலாகாது என்பது போன்றது இது.

4. இன்றைய நிலை

பலகை திறந்தது, அதன் மேலுள்ள சில்லு திறந்ததா? அண்மைக் காலம் வரை பெரும்பாலும் இல்லை. பெரும்பாலான சில்லுகள் புரிந்துகொள்ளும் அடிப்படைக் கட்டளைத் தொகுதி ஏதேனும் ஒரு நிறுவனத்தின் உடைமையாய் இருந்தது. அதனைக் கொண்டு புதிய சில்லு வடிவமைக்க விரும்புவோர் உரிமத் தொகை செலுத்தவேண்டும். எழுத்துக்களுக்கே வாடகை செலுத்திக் கடிதம் எழுதுவது போன்ற நிலை அது.

2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பெர்க்லி வளாகத்தில் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதி தொடங்கப்பட்டது. அதன் அடிப்படைக் கட்டளைகள் ஐம்பதுக்கும் குறைவு. எவரும் உரிமத் தொகையின்றி அதனைக் கொண்டு சில்லு வடிவமைக்கலாம்.

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 2014இல் தொடங்கிய சக்தி என்னும் திட்டம் இதனை அடிப்படையாகக் கொண்டது. அங்கு வடிவமைத்த சில்லுகளின் மூலவரைவு எவரும் பயன்படுத்தும் உரிமத்துடன் வெளியிடப்பட்டுள்ளது. 2018இல் இத்திட்டத்தின் ஒரு சில்லு அமெரிக்காவிலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்டது. அதே ஆண்டில் மற்றொன்று சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள அரசுக் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்டது. நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. எண் குறையக் குறைய நுட்பம் மிகும். ஆயினும் மோட்டாரையும் தறியையும் இயக்க மிக நுண்ணிய நுட்பம் வேண்டுவதில்லை என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி.

2022 ஏப்ரலில் மைய அரசு இக்கட்டளைத் தொகுதியைக் கொண்டு உள்நாட்டுச் சில்லுகளை உருவாக்க டிர்-வி என்னும் திட்டத்தை அறிவித்தது. 2024இல் சென்னைக் கழகத்தின் அரவணைப்பில் வளர்ந்த மைண்ட்குரோவ் என்னும் நிறுவனம், மின் அளவி, நீர் அளவி, மின்னணுப் பூட்டு போன்ற கருவிகளுக்கு ஏற்ற சில்லை வெளியிட்டது. 2025 பிப்ரவரியில் விண்வெளிப் பணிகளுக்கென ஐரிஸ் என்னும் சக்திச் சில்லு வெற்றியுடன் இயங்கியதாகச் சென்னைக் கழகமும் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் அறிவித்தன. அது மொகாலியில் செய்யப்பட்டு, கர்நாடகத்தில் உறையிடப்பட்டது. அதற்குரிய பலகை குஜராத்தில் தயாரானது. சென்னையில் எல்லாம் பொருத்தப்பட்டன. சாயம் தோய்ப்பவர் ஒருவர், பாவு ஓட்டுபவர் ஒருவர், நெய்பவர் ஒருவர் என வேலையைப் பகிர்ந்து ஒரு சேலையை முடிக்கும் நமக்கு இம்முறை அயலானதன்று.

வெளிநாடுகளிலும் மாற்றங்கள் நிகழ்கின்றன. 2024இல் இங்கிலாந்தின் ராஸ்ப்பெரி பை நிறுவனம் வெளியிட்ட குறைந்த விலைச் சில்லு ஒன்றில் திறந்த கட்டளைத் தொகுதியில் இயங்கும் பகுதியும் சேர்க்கப்பட்டது. 2025 அக்டோபரில் குவால்காம் என்னும் பெரிய சில்லு நிறுவனம் அர்டுயினோவை வாங்குவதாக அறிவித்தது. திறந்த முறை தொடருமா என்று அப்போது பலர் ஐயுற்றனர். இதிலிருந்து நாம் அறியவேண்டுவது ஒன்று உண்டு. நிறுவனம் கைமாறலாம், கொள்கை மாறலாம். ஆனால் முறையான திறந்த உரிமத்துடன் முன்பே வெளியிடப்பட்ட வரைபடத்தைப் பெற்று வைத்திருப்பவரிடமிருந்து எவரும் திரும்பப் பறிக்க இயலாது. ஆகவே வரைபடத்தின் படி நம் சங்கத்திலேயே இருத்தல் வேண்டும்.

5. ஆதாயக் கணக்கு

கூட்டுறவாளர் எக்கொள்கையையும் கணக்கில் இட்டுப் பார்த்த பின்னரே ஏற்றல் வேண்டும். பின்வரும் எண்கள் யாவும் கணக்கை விளக்குவதற்காக நாமே கொண்டவை. ஒவ்வொரு சங்கமும் தன் விலைப்புள்ளிகளை இட்டு மீண்டும் கணக்கிடுக.

ஒரு சங்கம் தன் அங்கத்தினர்க்கு 40 பம்புசெட் கருவிகள் வாங்குகிறது. மூடிய கருவியின் விலை 5,000 ரூபாய். திறந்த வரைபடமுள்ள கருவியின் விலை 6,000 ரூபாய் என்போம். முதலாண்டு உத்தரவாதம் உண்டு. அடுத்த நான்கு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஆறு கருவிகள் பழுதுறுகின்றன.

மூடிய கருவியாயின், முதல் விலை 2,00,000 ரூபாய். பழுதுற்ற ஆறையும் ஆண்டுதோறும் புதிதாக வாங்க 30,000. நான்கு ஆண்டுகளுக்கு 1,20,000. ஆக 3,20,000 ரூபாய்.

திறந்த கருவியாயின், முதல் விலை 2,40,000 ரூபாய். பழுதுற்ற ஆறில் நான்கை ஒவ்வொன்றும் 500 ரூபாய்ச் செலவில் திருத்தலாம். இரண்டைப் புதிதாக வாங்கவேண்டும். ஆண்டுச் செலவு 2,000மும் 12,000மும் சேர்ந்து 14,000. நான்கு ஆண்டுகளுக்கு 56,000. ஓர் இளைஞருக்குப் பயிற்சி, அளவுமானி, பற்றவைப்புக் கருவி, மாற்று உறுப்புக்கள் ஆகியவற்றுக்கு 25,000. ஆக 3,21,000 ரூபாய்.

திறந்த கருவியால் சங்கத்துக்கு 1,000 ரூபாய் நட்டம்! இதனைக் கண்டு சிலர் பதிவேட்டை மூடிவிடுவர். சற்றுப் பொறுத்து மேலும் கணக்கிடுவோம். பயிற்சி பெற்ற அந்த இளைஞர் ஆண்டுக்கு நான்கு கருவிகளை மட்டும் திருத்துகிறார். அவருடைய கருவிப் பெட்டி எஞ்சிய நாளெல்லாம் சும்மா கிடக்கிறது. பக்கத்து ஊர்ச் சங்கங்கள் நான்கும் நம்முடன் சேர்ந்து, ஐந்து சங்கங்களும் ஒரே பழுது நீக்கும் நிலையத்தை வைத்துக்கொண்டால், 25,000 ரூபாயில் ஒரு சங்கத்தின் பங்கு 5,000 மட்டுமே. அப்போது ஒவ்வொரு சங்கத்தின் மொத்தச் செலவும் 3,01,000 ஆகிறது. மூடிய கருவியைவிடச் சங்கத்துக்கு 19,000 ரூபாய் மிச்சம். ஐந்து சங்கங்களுக்கும் சேர்ந்து 95,000 ரூபாய் மிச்சம்.

ஆகவே, வரைபடம் திறந்திருப்பது மட்டும் ஆதாயம் தராது. அவ்வரைபடத்தைப் படிக்கத்தக்கவர்களாகச் சிலர் ஒன்றுகூடும்போதே ஆதாயம் பிறக்கிறது. சிம்ப்யூட்டர் வரலாறும் இதனையே கூறுகிறது.

பணக் கணக்கில் அடங்காத இழப்பும் உண்டு. கருவியை வெளியூருக்கு அனுப்பிக் காத்திருக்கும் வாரங்களில் நாற்று வாடும்; மின்னணு ஜக்கார்டின் பலகை பழுதுற்றால் தறி நிற்கும், தறி நின்றால் அந்த வீட்டின் கூலி நிற்கும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் நம் கடற்கரையைத் தாக்கியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்ததை மறந்திருக்கமாட்டோம். அத்தகைய காலத்தில் எல்லோருடைய கருவிகளும் ஒரே வாரத்தில் பழுதுறும். தொலைவிலுள்ள ஒரு நிறுவனத்தின் ஒரே பணியாளர் எத்தனை கொட்டகைகளுக்குச் செல்வார்? ஊரிலேயே அறிந்தவர் இருப்பது அப்போது பெருந்துணை.

6. எச்சரிக்கைகள்

திறந்தது என்பதனாலேயே ஒரு கருவி நல்லதாகிவிடாது. தாழ்ந்த உறுப்புக்களால் செய்த திறந்த கருவி, தரமான மூடிய கருவியைவிட விரைவில் கெடும். வரைபடம் இருப்பின் அக்குறையை அறிய முடியும் என்பதே வேற்றுமை.

மும்முனை மின்சாரம் உயிருக்கு இடர் தருவது. சில நூறு ரூபாய்ப் பலகையை வாங்கிப் பழக்கமில்லாத இளைஞர் நேரே ஸ்டார்ட்டருடன் இணைப்பதை எச்சங்கமும் அனுமதித்தல் ஆகாது. பலகையைத் திருத்துபவர் வேறு. மின்கம்பியை இணைப்பவர் வேறு. பின்னவர் முறையான உரிமம் பெற்ற மின்பணியாளராகவே இருத்தல் வேண்டும்.

திருத்திய கருவி மீண்டும் பழுதுற்று மோட்டார் எரிந்தால் பொறுப்பு யாருடையது என்பதையும் முன்னரே எழுதி வைத்தல் நலம். உத்தரவாதக் காலத்துக்குள் பெட்டியைத் திறந்தால் உத்தரவாதம் நீங்குமா என்பதை வாங்கும்போதே கேட்டறிதல் வேண்டும்.

7. சங்கங்கள் செய்யத்தக்கவை

பழுது நீக்கும் உரிமை குறித்து ஆராய மைய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழுவை அமைத்தது. அதன் கவனத்துக்குரிய துறைகளுள் வேளாண்மைக் கருவிகளும் ஒன்றாகும். நாம் ஒப்பந்தத்தில் கேட்க அஞ்சவேண்டுவதில்லை. தனி உழவர் கேட்டால் விற்பவர் புன்னகை செய்து அனுப்பிவிடுவர். இருநூறு கருவிகளுக்கு விலைப்புள்ளி கோரும் ஐந்து சங்கங்கள் கேட்டால் அவ்வாறு அனுப்ப இயலாது. எனவே நிர்வாகக் குழுக்கள் பின்வருவனவற்றை ஆராய்ந்து தீர்மானிக்கலாம்.

(அ) மின்னணுக் கருவி வாங்கும் விலைப்புள்ளி அறிவிப்பில், மின்சுற்று வரைபடம், உறுப்புப் பட்டியல், நிரலின் படி ஆகியவற்றை அளிக்கவேண்டும் என்னும் நிபந்தனையைச் சேர்த்தல். நிரலை அளிக்க மறுப்பவரிடம் வரைபடத்தையும் உறுப்புப் பட்டியலையுமாவது பெறுதல்.

(ஆ) பெற்றவற்றைச் சங்கத்தின் இரும்புப் பெட்டியில் ஒரு படியும், அண்டைச் சங்கத்தில் ஒரு படியுமாக வைத்தல்.

(இ) ரிலே, கெப்பாசிட்டர், வேரிஸ்டர் ஆகிய விரைவில் கெடும் உறுப்புக்களைக் கருவியுடன் சேர்த்தே பத்துக்கு ஒன்று வீதம் வாங்கி வைத்தல்.

(ஈ) அங்கத்தினர் குடும்பங்களிலிருந்து இருவரைத் தேர்ந்து, மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையம் அல்லது பாலிடெக்னிக்கில் பயிற்சி பெறச் செய்தல். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் கல்வியும் வேளாண்மைக் கல்வியும் ஒரே வளாகத்தில் நடைபெறுவது நம் வட்டாரத்துக்கு வாய்த்த நற்பேறு. சங்கங்கள் அங்குள்ள ஆசிரியர்களின் ஆலோசனையைக் கோரலாம்.

(உ) ஒவ்வொரு பழுதையும், அதன் காரணத்தையும், செலவையும் ஒரு தனிப் பதிவேட்டில் குறித்தல். இரண்டு ஆண்டுகளில் இப்பதிவேடே எக்கருவியை வாங்கலாம், எதனை வாங்கலாகாது என்று சொல்லிவிடும்.

தொகுப்புரை

கந்து வட்டிக்காரரின் கணக்கு மூடியிருந்ததனால்தான் கடன் சங்கம் தோன்றியது. நூல் வணிகரின் விலை மூடியிருந்ததனால்தான் நெசவாளர் சங்கம் தோன்றியது. இன்று மூடியிருப்பது கருவியின் உட்புறம். அதனைத் திறக்கும் உரிமையை உலகத்து அறிஞர்களும் நம் நாட்டு அறிஞர்களும் சிறிது சிறிதாக ஏற்படுத்தி வருகின்றனர். அவ்வுரிமையைப் பயனாக்கும் பொறுப்பு சங்கங்களைச் சார்ந்தது. அடுத்த விலைப்புள்ளி அறிவிப்பிலேயே ஒரு வரியைக் கூட்டுவதால் அதனைத் தொடங்கலாம்.

படிப்பு வட்டத்தில் ஆராயவேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்தில் உள்ள மின்னணுக் கருவிகள் எத்தனை? அவற்றுள் எத்தனைக்கு வரைபடம் நம்மிடம் உள்ளது?

2. சென்ற மூன்று ஆண்டுகளில் ‘பயன்படாதவை’ என எழுதப்பட்டவற்றின் மொத்த மதிப்பு என்ன? அவற்றுள் திருத்தியிருக்கக் கூடியவை எவை?

3. ஐந்தாம் பகுதியின் கணக்கை நம் சங்கத்தின் உண்மை எண்களைக் கொண்டு போட்டுப் பார்க்க. எத்தனை சங்கங்கள் சேர்ந்தால் நட்டம் ஆதாயமாக மாறுகிறது?

4. பொதுப் பழுது நீக்கும் நிலையம் எந்த ஊரில் அமைவது தகும்? அதன் செலவைக் கருவிகளின் எண்ணிக்கைப்படி பகிர்வதா, சமமாகப் பகிர்வதா?

5. பயிற்சி பெற்ற இளைஞர் ஊரைவிட்டு வெளியூர் வேலைக்குச் சென்றுவிடின், கற்ற அறிவு சங்கத்திலேயே தங்குவதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?